விருந்தாளி கண்ணில் படாத படுக்கை செய்வது எப்படி?

இந்தக் கையேடு, திருத்தணியில் பத்துக்குப் பத்து அறையில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்காக எழுதப்படுகிறது. சொந்த வீட்டுக்காரர்களும் படிக்கலாம். ஆனால் அவர்களிடம் ஏற்கெனவே கட்டில் இருக்கும். இந்த ஊரில் கட்டில் வைத்திருப்பவர் அதில் படுத்ததாகச் சரித்திரம் இல்லை.

சின்ன இடத்தில் சுகமாகப் படுப்பது எப்படி என்று சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. மெத்தைக் கடைக்காரர் சொல்வார், தச்சர் சொல்வார், இடுப்பு வலிக்குத் தைலம் எடுத்துக் கொடுக்கும் மருந்துக் கடைப் பையனும் சொல்வான். ஊர் எது என்பதை மட்டும் மூவரும் கேட்க மாட்டார்கள். ஊர் திருத்தணி. அறுபடை வீடுகளில் ஐந்தாவது. இங்கே குடிவந்த அன்றே உங்களுக்குச் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். அத்தனை பேருக்கும் மலைமேல் ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கும். வேண்டுதல் வைத்திருப்பவருக்கு ராத்திரி தலைசாய்க்க ஓரிடம் வேண்டும். நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருக்கும் இடம்தான் அது.

ஆகவே இந்தக் கையேட்டின் ஒரே விதியை இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: திருத்தணியில் ஒரு படுக்கை எவ்வளவு சுகமாக இருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் அது உங்கள் கையைவிட்டுப் போகும்.

இந்த விதியில் முதலில் மாட்டியவர் மலைமேல் இருப்பவரே. சூரபத்மனோடு போரை முடித்து, வள்ளிக்காக வேடர்களோடும் மோதிவிட்டு, சினம் தணிந்து இளைப்பாற முருகன் வந்து அமர்ந்த மலை இது என்கிறது தலபுராணம். அதனால்தான் கந்தசஷ்டியன்று மற்ற படைவீடுகளில் சூரசம்ஹாரம் அமளிதுமளிப்படும்போது இங்கே அது நடப்பதில்லை. ஓய்வெடுக்க வந்தவரை எழுப்பிச் சண்டைக்கு அனுப்ப வேண்டாம் என்று விட்டுவைத்தார்கள். அதே சமயம், அவர் ஓய்வில் இருக்கிறார் என்று தெரிந்ததும் 365 படிகளை ஏறி ஊர் உலகமே பார்க்க வந்துவிட்டது. கடவுளுக்கே அந்தக் கதி என்றால், மாத வாடகைக்கு இருக்கும் நமக்கு எந்த மூலை?

பகைவரை அறிதல்

படுக்கை செய்ய ஆரம்பிக்குமுன் ஒரு முருகன் காலண்டர் வாங்கி மாட்டுங்கள். பக்திக்காகவும் மாட்டலாம், முக்கியமாகப் பாதுகாப்புக்கு.

மாதக் கிருத்திகை சிறு தாக்குதல். வருகிறவர் பெரும்பாலும் பகலிலேயே தரிசனம் முடித்து, சாப்பிட்டுவிட்டு, மாலை ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். மதியம் ஒரு மணி நேரம் "சும்மா சாய்ஞ்சுக்கறேன்" என்பார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவர் உங்கள் படுக்கையை எடை போடுகிறார் என்பதை மறக்காதீர்கள்.

ஆடிக் கிருத்திகை முழு யுத்தம். புஷ்பக் காவடி எடுப்பவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். மலையடிவாரத்துச் சரவணப் பொய்கையில் தெப்பம் வேறு உண்டு என்பதால், வந்தவர்கள் அதையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்பார்கள். ஆளுக்கு மட்டும் இடம் கொடுத்தால் போதாது. காவடிக்கும் ஒரு மூலை ஒதுக்க வேண்டும். காவடி நசுங்கக் கூடாது, காலில் படக் கூடாது. நீங்கள் நசுங்கலாம்.

மூன்றாவது, டிசம்பர் 31. வெள்ளைக்காரர் காலத்தில் ஜனவரி முதல் தேதியன்று பழமும் மாலையுமாகத் துரைமார்களைப் பார்க்கப் போகும் வழக்கம் இருந்தது. அந்த மரியாதையைத் தணிகைத் துரைக்குச் செய்யுங்கள் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்ததுதான் படித் திருவிழா. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமமிட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே மேலே போவார்கள். அருமையான மரபு. படுக்கைக் கோணத்தில் பார்த்தால் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த விருந்தாளி ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பிப் போவார். நீங்கள் நிம்மதியாகப் படுப்பீர்கள். விடிகாலை மூன்று மணிக்குக் கால் வலியோடு திரும்பி வந்து உங்கள் தலைமாட்டில் நிற்பார். அந்த நேரத்தில் பேரம் பேச உங்களுக்குத் தெம்பு இருக்காது.

இது தவிர முகூர்த்த நாட்கள், பேரனுக்கு மொட்டை, புது வண்டிக்குப் பூஜை. இவற்றுக்குக் காலண்டர் உதவாது. தொலைபேசியை அணைத்து வைப்பது ஓரளவு உதவும்.

விருந்தாளிகள் மூன்று வகை. முதல் வகை இடுப்பு வலிக்காரர். "கீழ படுத்தா எந்திரிக்க முடியாதுப்பா, டாக்டர் பலகையிலதான் படுக்கச் சொல்லியிருக்காரு" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். நேர்மையான எதிரி. இரண்டாம் வகை கைக்குழந்தையோடு வருபவர். இவரிடம் மல்லுக்கு நிற்பது பாவம்; சரணடைந்துவிடுங்கள். மூன்றாம் வகைதான் ஆபத்து. "எனக்கென்னப்பா, எங்க போட்டாலும் தூங்கிடுவேன்" என்பார். நீங்கள் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் உங்கள் பாயில், உங்கள் தலையணையில், உங்கள் போர்வைக்குள் தூங்கியிருப்பார். சொன்ன சொல் தவறாதவர்.

எல்லை வகுத்தல்

இனி அளவெடுப்போம். உங்கள் அறை நூறு சதுர அடி. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் கிராமத்து வீடு என்றால் குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 270 சதுர அடி. தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. ஆக, அரசாங்கக் கணக்குப்படி நீங்கள் குடியிருப்பது வீடே கிடையாது. "வீடே இல்லாதவன் வீட்டுக்கு எப்படி வருவீங்க?" என்று கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. ஆனால் பெரியம்மாவிடம் சதுர மீட்டர் எடுபடாது. "ஏன்டா, நாங்க பதினோரு பேரு ஒரே கூடத்துல படுக்கல?" என்பார்.

நூறில் பீரோவுக்கு ஐந்து, அடுப்பு மேடைக்குப் பன்னிரண்டு, குடங்களுக்கும் அரிசி டிரம்முக்கும் எட்டு, கதவு திறந்து மூட ஒன்பது, மாடிப்படிக்கு அடியில் இடமில்லாததால் உள்ளே நிற்கும் இருசக்கர வண்டிக்குப் பதினைந்து. மிச்சம் ஐம்பத்தொன்று. ஆறடிக்கு மூன்றடி என்று ஒரு படுக்கை போட்டால் பதினெட்டு. கணக்குப்படி இரண்டரை படுக்கைக்கு மேல் இடம் உண்டு. ஆனால் மிச்சம் ஒரே இடத்தில் இருக்காது. பீரோவுக்குப் பின்னால் கொஞ்சம், கதவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும்.

மனம் தளர வேண்டாம். ரயிலில் படுக்கும் பலகை ஏறத்தாழ இரண்டடி அகலம்தான். அதில் படுத்து ஜனங்கள் டெல்லி வரை போய்விட்டு, "நல்லாத் தூங்கினோம்" என்கிறார்கள். மனித உடம்புக்கு இரண்டடி போதும். மூன்றாவது அடி புரண்டு படுக்கவும் கௌரவத்துக்கும்.

குடும்பத்துக்குள் யார் எந்தப் பக்கம் படுப்பது என்ற எல்லைத் தகராறைத் தீர்ப்பதில் இந்த ஊருக்கு அனுபவம் உண்டு. மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு போய்விட்டது. ம.பொ.சி. முதலியோர் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். படாஸ்கர் மத்தியஸ்தம் செய்தார். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. அதாவது மார்ச் 31 ராத்திரி சித்தூர் மாவட்டத்தில் பாய் விரித்துப் படுத்தவர், அதே பாயில், புரண்டுகூடப் படுக்காமல், செங்கற்பட்டு மாவட்டத்தில் கண் விழித்தார். உலகத்தில் இதைவிடச் சொகுசாக யாரும் குடிமாறியதில்லை.

படாஸ்கர் முறையை உங்கள் அறைக்கும் பயன்படுத்தலாம். அவர் கிராமத்தை ஓர் அலகாக எடுத்துக்கொண்டார். பெரும்பான்மையையும் நிலத் தொடர்ச்சியையும் பார்த்தார். நீங்கள் பாயை ஓர் அலகாக எடுத்துக்கொள்ளுங்கள். மின்விசிறிக்கு நேர்கீழே இருக்கும் பாய் யாருக்கு என்பதைப் பெரும்பான்மை முடிவு செய்யட்டும். வீட்டில் இருப்பது நீங்கள், மனைவி, மகள் என்றால், பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர்ச் சொம்பு இருக்கும் பகுதியைச் சர்வதேசப் பொதுவெளியாக அறிவித்துவிடுவது நல்லது.

தேவையான பொருட்கள்

கோரைப்பாய் 2. குளிர்சாதனப் பெட்டி வந்து இறங்கிய அட்டைப்பெட்டி 1. உங்களிடம் குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால் வாங்கிய வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பழைய பருத்திப் புடவை 6 முதல் 8 வரை. நைலக்ஸ் கூடாது, அது சூடேறும், வழுக்கவும் வழுக்கும். விசைத்தறிக் கழிவு நூல் ஒரு மூட்டை. இலவம்பஞ்சு இரண்டு கிலோ. கோணி ஊசி, சணல். கடைசியாக, இந்தச் செய்முறையின் உயிர்நாடியான பழைய உரச்சாக்கு 3. யூரியா என்று பெரிதாக எழுதியிருந்தால் உத்தமம்.

கழிவு நூலுக்குத் தூரம் போக வேண்டாம். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டுப் பக்கம் போனால் தெருவெல்லாம் தறிச் சத்தம்தான். படுக்கையைப் பற்றி உண்மையிலேயே கற்றுக்கொள்ள வேண்டுமானால் அங்கே ஒரு ராத்திரி தங்குங்கள். பல வீடுகளில் கூடம் என்பது தறிக்குத்தான். மனிதர்கள் அதன் ஓரத்தில் குடியிருப்பவர்கள். தறி படுக்காது, ஆகவே அதற்கு இடம் குறைக்கவும் முடியாது. அதன் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளைகள், கரண்ட் போய்ச் சத்தம் நின்றால் திடுக்கிட்டு விழித்துக்கொள்ளும். அந்த வீடுகளுக்கு வரும் விருந்தாளிகள் அதிகம் தங்குவதில்லை. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஆனால் தறி போட மூலதனம் வேண்டும்.

செய்முறை

ஒன்று. முதலில் அட்டையைப் பிரித்துத் தரையில் விரியுங்கள். சிமெண்ட் தரை மார்கழியில் உடம்புச் சூட்டை உறிஞ்சும். மழைக் காலத்தில் ஈரம் கக்கும். அட்டையின் நெளிவுகளுக்குள் அடைபட்டிருக்கும் காற்று அந்தக் குளிரை மேலே வரவிடாமல் தடுக்கும். இதற்கு மேல் ஒரு பாய். சித்திரை, வைகாசியில் அட்டையை எடுத்துவிடுங்கள். அப்போது தரையின் குளிர்ச்சிதான் நமக்குக் கிடைக்கும் ஒரே இலவசம்.

இரண்டு. புடவைகளை மடியுங்கள். புடவையின் நீளம் ஐந்தரை மீட்டர், அதாவது பதினெட்டு அடி. மூன்றாக மடித்தால் சரியாக ஆறடி. அகலம் நான்கடிக்குச் சற்றுக் குறைவு. ஓரத்தை உள்ளே மடித்தால் மூன்றடி. கத்தரிக்கோலே வேண்டாம். புடவை நெய்த நம் முன்னோர் அது கந்தலான பிறகு யார் படுக்கப் போகிறார் என்பதையும் யோசித்தே நெய்திருக்கிறார்கள். ஒரு புடவைக்கு மூன்று அடுக்கு என்றால் எட்டுப் புடவைக்கு இருபத்துநான்கு அடுக்கு. புடவைகளை மனைவியிடம் கேட்டு வாங்குங்கள். "இது பழசா?" என்று அவர் கேட்கும் தொனியில் தொடங்கும் பேச்சு, கல்யாணத்தன்று உங்கள் வீட்டார் எடுத்துக் கொடுத்த புடவையின் தரம் வரை போகும். அதற்கு இந்தக் கையேட்டில் மருந்து இல்லை.

மூன்று. பன்னிரண்டு அடுக்குக்கு மேல் கழிவு நூலைச் சமமாகப் பரப்பி, மிச்சப் பன்னிரண்டு அடுக்கால் மூடுங்கள். சிக்கெடுக்க வேண்டாம், சிக்கில்தான் பொதுபொதுப்பு இருக்கிறது. பிறகு கோணி ஊசியால் நான்கு விரல் இடைவெளி விட்டுக் கட்டம் கட்டமாகத் தையுங்கள். தைக்காமல் விட்டால் ஒரே மாதத்தில் நூல் முழுவதும் கால்மாட்டுக்கு இறங்கிவிடும். தலைமாட்டில் புடவையும் கால்மாட்டில் தணிகை மலையும் மிஞ்சும்.

நான்கு. தலையணை. இலவம்பஞ்சின் இழை உள்ளே குழாய். மேலே மெழுகுத் தன்மை உண்டு. தண்ணீர் ஏறாது, மிதக்கும். ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் சட்டைகளுக்கு இதைத்தான் அடைத்தார்கள். ஆகவே ஐப்பசி மழையில் வாசல்வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தாலும் உங்கள் தலை மட்டும் மேலே நிற்கும். உறையில் முக்கால் பாகம் அடைத்தால் போதும். முழுக்க அடைத்தால் கழுத்து வலி வரும்; கழுத்து வலி வந்தால் மூன்று வேளையும் யாராவது தைலம் சிபாரிசு செய்வார்கள்.

ஐந்து. வெயிலில் காய வையுங்கள். இந்தப் பொருள் மட்டும் திருத்தணியில் தாராளம். கோடையில் நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்கள் என்று செய்தித்தாளில் வரும் பட்டியலில் வேலூரோடு தோளுரசி நிற்பது நம் ஊர்தானே. அமுங்கிய பஞ்சு வெயிலில் ஈரம் போய் உப்பும். பக்கத்துக்கு ஒரு மணி நேரம் போதும். குரங்குகள் உண்டு, கையில் கம்போடு காவல் இருக்கவும். அவற்றுக்கு மெத்தை வேண்டாம். அதைப் பிரித்துப் பார்க்கும் ஆசைதான்.

ஆறு. இதோ, கலையின் உச்சம். மெத்தை முழுவதையும் உரச்சாக்கால் மூடித் தைத்துவிடுங்கள். யூரியா என்ற எழுத்து மேலே தெரிய வேண்டும். பகலில் சுருட்டிச் சணலால் கட்டிப் பரணில் போட்டு, மேலே துருப்பிடித்த இரும்பு வாளி ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். சந்தேகம் வராமலிருக்க இரண்டு அந்துருண்டையும் போடலாம். இப்போது வருகிறவர் கேட்பார்:

"அது என்னப்பா மேல மூட்டை?"

"தறிக்காரரு வேஸ்ட்டு நூலு பெரிப்பா. எடுத்துட்டுப் போறேன்னாரு, இன்னும் வரல."

இதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தறிக்காரர் நூல்தான். அவர் இன்னும் வரவில்லைதான்.

மரியாதைக் கட்டில்

நல்ல படுக்கையை ஒளித்தால் போதாது. வந்தவர் படுக்க ஏதாவது வேண்டும். இல்லாவிட்டால் பரணை நோக்கிக் கண் போகும். ஆகவே பார்க்க ராஜாங்கமாகவும் படுக்கக் கட்டாந்தரையாகவும் இரண்டாவது படுக்கை ஒன்று வேண்டும். இதற்கு மரியாதைக் கட்டில் என்று பெயர்.

பதினாறு அங்குல நீள ஹாலோ பிளாக் கல் பன்னிரண்டு. வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் எடுத்தால் விருந்தாளியாகக் காவல் நிலையத்தில் படுக்க நேரிடும். இரண்டிரண்டாக அடுக்கி ஆறு கால். எட்டுக்கு நாலு பிளைவுட் பலகையில் ஆறடிக்கு மூன்றடி வெட்டிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மில்லி பலகை நடுவில் தொய்யும். பதினெட்டு மில்லி வாங்குங்கள். வெட்டியது போக மிஞ்சும் பதினான்கு சதுர அடித் துண்டுகள் பரணுக்குத் தட்டாகும். பலகைமேல் பவானி ஜமுக்காளம் ஒன்றை நான்காக மடித்துப் போட்டு, பூப்போட்ட விரிப்பால் மூடினால் முடிந்தது.

உயரம் ஏறத்தாழ ஒன்றரை அடி வரும். இடுப்பு வலிக்காரர் உட்கார்ந்து எழ வசதி. பார்த்ததும் முகம் மலர்வார். படுத்ததும் மலர்ச்சி மறையும். ஆனால் வாய் திறக்க முடியாது. ஏனென்றால் டாக்டர் பலகையில்தான் படுக்கச் சொல்லியிருக்கிறார் என்று வாசலில் சொன்னவர் அவரேதான். மறுநாள் காலை "முதுகு நேராயிடுச்சுப்பா" என்று உங்களை வாழ்த்தவும் கூடும். இருவருக்கும் புண்ணியம். அடியில் இருக்கும் இடம் அரிசி டிரம்முக்கும் இட்லிக் குண்டானுக்கும் ஆகும் என்பதால் வீட்டிலும் எதிர்ப்பு வராது.

கயிற்றுக் கட்டிலை இந்தப் பதவிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பகலில் சுவரில் சாத்தி வைக்கலாம், காற்று அடியிலிருந்தும் வரும், கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினால் தொய்வும் போகும். குறை ஒன்றுதான்: அது நிஜமாகவே சுகமானது. வந்தவர் ஊருக்கே திரும்ப மாட்டார்.

மொட்டை மாடி என்னும் கடைசிப் புகலிடம்

ஆடிக் கிருத்திகையன்று எல்லாத் திட்டமும் தோற்கலாம். மரியாதைக் கட்டிலில் பெரியம்மா, பாயில் சித்தப்பா குடும்பம், கதவருகே காவடி. மூட்டையோடு மாடிக்குப் போய்விடுங்கள். கான்கிரீட் பகல் முழுக்கக் குடித்த வெயிலை ராத்திரி பதினோரு மணி வரை துப்பிக்கொண்டிருக்கும். பொழுது சாயும்போது நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றி ஆறவிடுங்கள்; ஆவியாகும் நீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஈரம் காய்ந்த பிறகு விரியுங்கள். விடிகாலையில் பனி இறங்கும், மேலே ஒரு பாய் போர்த்துக்கொள்ளலாம். அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிக்க வந்தால் இருமிக் காட்டவும்.

வீட்டுக்கார அம்மா தெலுங்கு பேசுகிறவராக இருந்து, காலையில் "நித்ர பட்டிந்தா?" என்று கேட்டால், பட்டுவிட்டது என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அடுத்த வாரம் மாடியும் வாடகைக்குப் போய்விடும்.

முன்னோடிகள்

கையில் கிடைத்ததைப் படுக்கையாக்கிக்கொண்ட தமிழர்களில் பதிவாகியிருக்கும் பழைய ஆள் மோசிகீரனார். சேரன் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பார்க்கப் போன புலவர், அசதியில், முரசு வைக்கும் கட்டிலில் பூ மெத்தென்று பரப்பியிருப்பதைப் பார்த்து ஏறிப் படுத்துவிட்டார். முரசு நீராடப் போயிருந்தது. வீரமுரசின் கட்டிலைத் தொட்டால் தலை போகும். அரசன் வந்தான். வாளை ஓங்கவில்லை, விசிறி எடுத்து வீசினான். விழித்த புலவர் பாடியதுதான் புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டு. பிறர் கட்டிலில் படுப்பதாக இருந்தால், கட்டிலுக்கு உரியவர் கவிதை பிடித்தவரா என்று முதலில் விசாரிக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. உங்கள் மூட்டையில் படுத்துவிட்ட மூன்றாம் வகை விருந்தாளிக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கலாம். விசிறியை எடுத்து ஒளித்துவிடுங்கள்.

பீஷ்மரின் அம்புப் படுக்கை தொழில்நுட்பத்தில் உயர்ந்தது. அம்பு தைத்து அவர் சாய்ந்தபோது அரசர்கள் பட்டுத் தலையணை கொண்டு வந்தார்கள். அவர் வேண்டாமென்றார். அர்ச்சுனன் மூன்று அம்புகளை விட்டுத் தலைக்கு முட்டுக் கொடுத்தான். படுக்கையின் ஜாதிக்கேற்ற தலையணை வேண்டும் என்ற கொள்கை அங்கேதான் தொடங்குகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: உத்தராயணம் வரை அத்தனை நாள் அவர் அதில் கிடந்தும், "கொஞ்சம் நகருங்க தாத்தா" என்று கேட்டு ஒருவரும் வரவில்லை. நாம் தேடும் இலட்சியப் படுக்கை அதுதான்.

இடத்தைப் பற்றிக் கவலைப்படாதவன் துரியோதனன் ஒருவன். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து முடிவில் படுகளத்தன்று பாருங்கள். மண்ணால் செய்த அவன் உருவம் திடல் முழுக்க மல்லாந்து கிடக்கும். தொண்ணூற்றொன்பது தம்பிகளும் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவனுக்கே அவ்வளவு இடம் கிடைத்தது என்பதை நினைத்துச் சமாதானம் அடையலாம்.

எச்சரிக்கைகள்

உத்தரத்துக் கொக்கியில் புடவைத் தூளி கட்டிப் பெரியவர்கள் படுக்க முயல வேண்டாம். குழந்தைக்குக் கட்டிய கொக்கிக்கு எழுபது கிலோ தெரியாது. மீறி விழுந்தால், நகரியைத் தாண்டினால் புத்தூர். எலும்புக் கட்டுக்குப் பேர்போன ஊர் இவ்வளவு பக்கத்தில் அமைந்தது நம் அதிர்ஷ்டம். ஆனால் கட்டுப் போட்ட காலோடு வந்தால் உங்களைக் கட்டிலில்தான் படுக்க வைப்பார்கள். மரியாதைக் கட்டிலில்.

மூட்டைப்பூச்சி வந்தால் பதற வேண்டாம். அதற்குப் பயந்து வீட்டைக் கொளுத்தக் கூடாது என்று பழமொழியே இருக்கிறது. தவிர, வீடு வாடகை வீடு. கட்டில் பொந்துகளில் கொதிநீர் ஊற்றி, துணியெல்லாம் வெயிலில் போடுங்கள். சாப்பாடில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் ஜந்து அது. ஒழித்த பிறகும் செய்தியை மட்டும் ஒழித்துவிடாதீர்கள். "போன மாசம் மூட்டைப்பூச்சி இருந்தது, இப்ப இருக்காதுன்னுதான் நினைக்கிறேன்" என்று காபி கொடுக்கும்போது சொல்லுங்கள். பலபேர் கடைசி ரயிலின் நேரம் விசாரிப்பார்கள்.

கேள்வி – பதில்

கேள்வி: நுரை மெத்தை ஒன்று வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு?

பதில்: தாராளமாக வாங்குங்கள். அது வந்து இறங்குவதைத் தெருவே பார்க்கும். தெரு பார்த்தது பெரியம்மாவுக்குத் தெரியும். முதல் ராத்திரி அதில் நீங்கள் படுப்பீர்கள்.

கேள்வி: இப்படிச் செய்வது விருந்தோம்பலுக்கு விரோதம் ஆகாதா?

பதில்: ஆகாது. சோறு போடுகிறோம், வெந்நீர் வைத்துக் கொடுக்கிறோம், மலைக்கு ஆட்டோ பேசி விடுகிறோம், திரும்பி வரும்போது கால் பிடித்துவிடவும் மகள் தயார். தூக்கம் ஒன்றை மட்டும் பந்தியில் வைக்கவில்லை. தவிர, விருந்தாளி போன மறுநாள் வீடு வெறிச்சென்று இருப்பதும், "அவங்களுக்கு நம்ம மெத்தையையே குடுத்திருக்கலாம்" என்று மனைவி சொல்வதும், நீங்கள் தலையாட்டுவதும் உண்டு. அதற்காக அடுத்த முறை கொடுத்துவிட வேண்டியதில்லை.

கேள்வி: என் விருந்தாளியும் இந்தக் கையேட்டைப் படித்திருந்தால்?

பதில்: வந்ததும் நேராகப் பரணைப் பார்ப்பார். வாளியைத் தூக்குவார். அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. அப்படிப்பட்டவர் வருவதாகத் தகவல் வந்தால் ஒரே வழிதான் பாக்கி: ஆடிக் கிருத்திகைக்கு முதல்நாள் மாலையே நீங்கள் குடும்பத்தோடு கிளம்பிச் சென்னையில் அவர் வீட்டுக்குப் போய்விடுங்கள். இடுப்பு வலி என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். கட்டில் கிடைக்கும். அவரும் இதே யோசனையில் முன்கூட்டியே கிளம்பியிருக்கக் கூடும் என்பதால் ஒரு சிறு ஜாக்கிரதை தேவை. இரண்டு ரயில்களும் அரக்கோணத்தில் எதிரெதிரே வந்து நிற்கும், ஜன்னலோரம் உட்காராதீர்கள்.